சின்னப் பிள்ளைகளோடு வீட்டில் ஜெபம்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு ஆராதனை முடிந்து கீழே டீ குடிக்கும்போது ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று விதமாகக் கேட்கிறார்கள். மீதிப் பேர் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள், பிள்ளைகள் தூங்கிய பிறகுதானே அம்மாக்களுக்குக் கை காலியாகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போதகர் மனைவி இல்லை, வேதாகமக் கல்லூரிப் பக்கம் போனதும் இல்லை. சிங்கப்பூரில், செங்காங்கில் நான்கறை வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு. பெரியவன் தொடக்கநிலை ஒன்று, ஏழு வயது. நடுவுள்ளவளுக்கு நாலரை, பாலர் பள்ளி. கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது. கணவருக்கு விமான நிலையப் பக்கம் ஷிப்ட் வேலை. இந்த வீட்டில் எது நடக்கிறதோ அதைத்தான் சொல்ல முடியும்.

தினமும் குடும்ப ஜெபம் நடக்கிறதா? உண்மையைச் சொல்லுங்கள்.

வாரத்தில் ஐந்து நாள். நல்ல வாரம் என்றால் ஆறு. ஏழு நாளும் நடந்த வாரம் எனக்கு நினைவில்லை.

நான் வளர்ந்த வீட்டில் கதையே வேறு. அப்பாவுக்கு ராத்திரி ஒன்பது மணி என்றால் ஒன்பது மணிதான், டிவி அணையும், பாய் விரியும், இரண்டு கீர்த்தனை, ஒரு முழு அதிகாரம், அப்புறம் ஆளுக்கொரு ஜெபம், கடைசியில் அப்பாவின் நீண்ட ஜெபம். அதில் திருநெல்வேலியில் இருக்கும் ஒன்றுவிட்ட சித்தப்பா வரைக்கும் பெயர் சொல்லிக் கேட்பார். முக்கால் மணி நேரம் ஆகும். என் தம்பி பாதியில் தூங்கி விழுவான். பெரியவனுக்கு மூன்று வயது ஆனபோது நானும் அதையே இங்கே நடத்தப் பார்த்தேன். ஒன்பது நாள் தாங்கியது. ஒன்பதாவது நாள் அவன் அழுதான், நான் கத்தினேன், கையில் பைபிளை வைத்துக்கொண்டு கத்துகிறோமே என்று எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது.

அப்புறம் இடத்தை மாற்றினோம். இப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும், தட்டை எடுப்பதற்கு முன்னாலேயே, அதே மேசையில். ஏழு நிமிடம். ஏன் அங்கே என்றால், எழுந்து போய்விட்டால் மூன்றையும் திரும்பப் பிடித்து உட்கார வைக்க என்னால் ஆகாது. கடைக்குட்டி அவளுடைய உயர நாற்காலியில் பெல்ட் போட்டுக் கட்டப்பட்டிருப்பாள், ஓட முடியாது. பக்தியான காரணம் ஏதாவது சொல்ல ஆசைதான், ஆனால் உண்மையான காரணம் அந்த பெல்ட்.

கணவருக்கு இரவு ஷிப்ட் என்றால் இடைவேளையில் வீடியோ அழைப்பு போடுவார். போனைத் தக்காளி சாஸ் பாட்டிலில் சாய்த்து வைப்போம். பின்னால் யாரோ டிராலி தள்ளும் சத்தம் கேட்கும், பிள்ளைகள் அதற்கும் கை காட்டுவார்கள்.

அந்த ஏழு நிமிடத்தில் என்னதான் செய்கிறீர்கள்?

ஒரு பாட்டில் ஒரு சரணம், ஆறேழு வசனம், ஆளுக்கு ஒரு வரி ஜெபம், அவ்வளவுதான். இப்போது மாற்கு வாசிக்கிறோம். நான்கு சுவிசேஷங்களில் அதுதான் சின்னது, பதினாறே அதிகாரம், அதோடு எல்லாம் வேகவேகமாக நடக்கும், பிள்ளைகளுக்குச் சலிக்காது.

போன செவ்வாய்க்கிழமை நாலாம் அதிகாரத்தில் புயல் வரும் பகுதி. படகு தண்ணீரில் நிரம்புகிறது, இயேசு பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார், சீஷர்கள் எழுப்புகிறார்கள். பெரியவன் அலை எவ்வளவு உயரம் என்று கேட்பான் என எதிர்பார்த்து நான் தயாராக இருந்தேன். நடுவுள்ளவள் கேட்டாள், “தலையணை யார் கொண்டுவந்தா? அவரோட சொந்தத் தலையணையா?” கணவர் என்னைப் பார்த்தார், நான் சாஸ் பாட்டிலைப் பார்த்தேன். இத்தனை வருடம் இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன், தலையணை ஒன்று இருந்ததே மனதில் தங்கவில்லை. ராத்திரி எடுத்துப் பார்த்தால் மத்தேயுவிலும் லூக்காவிலும் இதே கதை இருக்கிறது, தலையணை மட்டும் இல்லை. மாற்கு ஒருவர்தான் அதை எழுதி வைத்திருக்கிறார். அவள் அன்றைக்குச் செய்த ஜெபம்: “இயேசப்பா, தலையணைக்கு நன்றி, ஆமென்.” யாருடைய தலையணைக்கு என்று நான் கேட்கவில்லை.

தமிழிலா, ஆங்கிலத்திலா?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஜெபம் தமிழில். மற்றதெல்லாம் கலந்தடித்துத்தான் நடக்கிறது, அண்ணனும் தங்கையும் சண்டை போடுவதே ஆங்கிலத்தில்தான். பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் தாய்மொழிப் பாடம், அதுவும் தேர்வுக்கான தமிழ். பாட்டியிடம் போனில் பேசும் தமிழ் “சாப்பிட்டீங்களா, நல்லா இருக்கீங்களா” என்பதோடு நின்றுவிடும். மனதில் இருப்பதைத் தமிழில் சொல்ல, அதாவது பயமாக இருக்கிறது, வருத்தமாக இருக்கிறது, எனக்கு இது வேண்டும், அவன் செய்தது தப்பு என்றெல்லாம் சொல்ல, இந்த ஊரில் ஒரு பிள்ளைக்கு எங்கே இடம் இருக்கிறது? ஜெபத்தில் இருக்கிறது. அங்கே மதிப்பெண் கிடையாது, இலக்கணத்தை யாரும் திருத்தப்போவதில்லை. அதனால் பிடிவாதமாகத் தமிழிலேயே வைத்திருக்கிறோம். நடுவில் ஆங்கிலச் சொல் வந்தால் வரட்டும்.

ஒரு சிக்கல் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். நம் ஜெபத் தமிழ் வேறு ஒரு தமிழ். கிருபை, இரக்கம், ஸ்தோத்திரம், தேவரீர் என்று ஒரு வரிக்குள் நாலு சொல் பிள்ளைக்குப் புரியாமல் போகும். பெரியவன் ஐந்து வயதில் ஒரு நாள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “நாம ஏன் இயேசப்பாவைத் தண்ணீர்னு கூப்பிடுறோம்?” என்றான். எனக்கு முதலில் புரியவே இல்லை. அப்புறம்தான் பிடிபட்டது. “நீர் நல்லவர், நீர் வல்லவர்” என்று நாங்கள் சொல்வதை அவன் பாலர் பள்ளிப் படப்புத்தகத்தில் வரும் நீர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். இத்தனை நாளும் தண்ணீர் நல்லவர், தண்ணீர் வல்லவர் என்றே ஜெபித்திருக்கிறான், பாவம். கணவர் மட்டும் சளைக்காமல், யோவான் நாலாம் அதிகாரத்தில் கிணற்றடியில் அவரே ஜீவத்தண்ணீரைப் பற்றிப் பேசுகிறாரே, பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறான் என்று ஒரு போடு போட்டார்.

அன்றிலிருந்து பிள்ளைகளை “நீங்க” என்றே ஜெபிக்க விட்டுவிட்டோம். “இயேசப்பா, நீங்க என்னோட இருங்க.” நாங்கள் பெரியவர்கள் “நீர்” என்கிறோம். சபையில் ஒரு மாமாவுக்கு இது பிடிக்கவில்லை, மரியாதை குறைகிறதாம். பாட்டியிடமும் “நீங்க” என்றுதானே பேசுகிறார்கள், அதில் என்ன மரியாதை குறைந்துவிட்டது?

எந்த வேதாகமத்தை வாசிக்கிறீர்கள்?

சபையில் எல்லோரும் வைத்திருக்கும் பழைய பரிசுத்த வேதாகமத்தைத்தான். பவர் ஐயர் தலைமையில் 1871இல் முடிந்த மொழிபெயர்ப்பு அது, அதனால்தான் சொற்கள் அப்படி. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பு இன்னும் சுலபமாக இருக்கும், பள்ளியில் படிக்கும் தமிழுக்குப் பக்கத்தில் வரும். இரண்டையும் மேசையில் வைத்துப் பழையதில் ஒரு வரி, புரியாவிட்டால் புதியதில் அதே வரி என்று படிக்கிறேன். தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததிலிருந்தே எந்தச் சொல்லைப் போடுவது என்ற சண்டை ஓயவில்லை, நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மட்டும் ஓய்ந்துவிடுமா என்ன.

படம் போட்ட குழந்தை பைபிள் நல்லதுதான். அதில் எல்லோரும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பது ஒன்றுதான் எனக்கு ஒட்டவில்லை.

பயமுறுத்தும் கதைகளை என்ன செய்வது? வெள்ளம், ஈசாக்கு, சிலுவை?

வயதைப் பார்த்துச் செய்யுங்கள், ஆனால் பொய் சொல்லாதீர்கள். நோவா கதையை ஒட்டகச்சிவிங்கி எட்டிப் பார்க்கும் கப்பல் கதையாகவே வைத்திருந்தேன். ஒரு நாள் பெரியவனே “மத்தவங்க எல்லாம் எங்க?” என்று கேட்டுவிட்டான். செத்துப்போனார்கள் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கப்பலில் மீன் இருந்ததா என்று கேட்டான்.

ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடக் கூட்டிப்போகும் கதையை மட்டும் நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். மூன்று வயதில் நடுவுள்ளவள் ஒரு வாரம் அப்பா பக்கத்தில் படுக்க மாட்டேன் என்றாள். அதை ஆறு ஏழு வயதுக்குத் தள்ளி வையுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை.

ஆலயத்தில் என் பிள்ளை ஒரு நிமிடம் சும்மா இருப்பதில்லை. வீட்டிலேயே இருந்துவிடலாமா?

வேண்டாம், வாருங்கள். பின்வரிசையில் உட்கார வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் பின்னால் உட்கார்ந்தால் பிள்ளைக்குத் தெரிவது முதுகுகள் மட்டும்தான், ஒரு மணி நேரம் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தால் நானும்கூட பெஞ்சுக்கு அடியில் ஊர்ந்து போவேன். முன்னால் மூன்றாவது வரிசை, ஓரத்து இருக்கை, அதில்தான் நாங்கள். வாத்தியம் தெரியும், போதகரின் அங்கி தெரியும், தப்பித்து வெளியே ஓட வழியும் இருக்கும்.

பையில் என்ன வைக்கிறேன் என்று கேட்டீர்கள். சத்தம் வராத தின்பண்டம். மொறுமொறுப்பாக எதுவும் கூடாது, பிளாஸ்டிக் உறையும் கூடாது, வீட்டிலேயே டப்பாவில் மாற்றிக்கொண்டு வாருங்கள். உலர்ந்த திராட்சை நல்லது, ஒவ்வொன்றாக எடுத்துத் தின்ன நேரம் பிடிக்கும். பிரசங்கம் தொடங்கும்போது திறந்தால் பாதிப் பிரசங்கம் தாண்டும். போன் தருவதில்லை. ஒரே ஒரு முறை தந்தேன், மௌன ஜெபத்தின் நடுவில் கோழி கூவியது.

திரும்பிப் பார்த்து முறைக்கிறவர்கள் இருப்பார்கள். எங்கள் சபையிலும் ஒரு ஆன்ட்டி ஆறு மாதம் முறைத்தார், ஏழாவது மாதம் கையை நீட்டி, “தா, நான் தூக்கிக்கிறேன், நீ பிரசங்கத்தைக் கேளு” என்றார். இப்போது கடைக்குட்டி அவர் மடியில்தான் தூங்குகிறாள். மகன் மருமகள் எல்லாம் ஆஸ்திரேலியாவில், பேரப்பிள்ளையைப் பார்த்து இரண்டு வருடம் ஆகிறது என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது.

தமிழ்ச் சபையா, ஆங்கிலச் சபையா? ஆங்கிலச் சபையில் பிள்ளைகளுக்கு வசதி அதிகம் என்கிறார்களே.

அதிகம்தான், மறுக்கவில்லை. வயதுவாரியாக வகுப்பு, விளையாட்டறை, குளிர்சாதனம், பயிற்சி பெற்ற ஆசிரியர்கள். எங்கள் ஞாயிறு பள்ளியில் ஐந்து வயதும் பத்து வயதும் ஒரே அறையில் இருக்கும். ஒரு வருடம் நாங்களும் மாறிப் பார்த்தோம், பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, எனக்குத்தான் உள்ளே ஒன்று ஓடவே இல்லை, பாட்டு வாயில் வந்தது, மனதுக்குள் இறங்கவில்லை.

இங்கே தமிழில் ஆராதிக்கிறவர்கள் நேற்று வந்தவர்கள் இல்லை. ஷார்ட் ஸ்திரீட்டில் இருக்கும் தமிழ் மெதடிஸ்ட் சபை 1887இல் தொடங்கியது. ஓஃபிர் சாலையில் இருக்கும் லூர்து மாதா ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் கட்டி முடிக்கப்பட்டது, 2005இல் தேசிய நினைவுச்சின்னமாகவும் அறிவித்தார்கள். டார்செட் சாலையில் ஆங்கிலிக்கன் தமிழ்ச் சபை இருக்கிறது. தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும்போது கொஞ்சம் சுற்றிப்போய்ப் பிள்ளைகளுக்கு இவற்றைக் காட்டுங்கள். பெரியவன் லூர்து மாதா ஆலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து “இது தமிழ் ஆளுங்க கட்டினதா?” என்று கேட்ட விதத்தை நான் மறக்க மாட்டேன். தமிழ் என்றால் பயிற்சித்தாள் என்றே அதுவரைக்கும் நினைத்திருந்தான் போலிருக்கிறது.

ஆனாலும், தமிழ் ஒரு வார்த்தையும் புரியாத மருமகளோ மருமகனோ வீட்டில் இருந்தால் ஆங்கிலச் சபைக்கே போங்கள். குடும்பம் பிரிந்து உட்கார்ந்து ஆராதிப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

மாமியார் வீடு இந்துக் குடும்பம். தீபாவளிக்குப் போவீர்களா? படையல் சாப்பாடு?

போவோம். என் கணவர் இருபத்து மூன்று வயதில் விசுவாசத்துக்கு வந்தவர், அவர் பக்கம் எல்லோரும் இந்துக்கள், ஈசூனில் மாமியார் வீடு. சபையில் சிலர் போகவே கூடாது என்பார்கள். நான் அவர்களோடு வாதாடுவதில்லை, தீபாவளி காலையில் பிள்ளைகளுக்குப் புதுத்துணி போட்டுக் கிளம்பிவிடுவேன்.

சாப்பாட்டு விஷயத்தைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில், எட்டாம் அதிகாரத்திலும் பத்தாம் அதிகாரத்திலும், நம் கேள்வியை முன்னாலேயே கேட்டுவிட்டதுபோல எழுதியிருக்கிறார். ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனால் வைத்ததைக் குடைந்து குடைந்து விசாரிக்காமல் சாப்பிடு, இது படைத்தது என்று யாராவது எடுத்துச் சொன்னால் சொன்னவருக்காகச் சாப்பிடாதே. இதை எப்படி மாமியாரிடம் விளக்குவது என்று நான் முதல் வருடம் பயந்து பயந்து உட்கார்ந்திருந்தேன். விளக்க வேண்டியே வரவில்லை. அவர் அடுப்படிக்குக் கூப்பிட்டு, மூடி வைத்த ஒரு தூக்குச்சட்டியை என் கையில் கொடுத்து, “இது உங்க பங்கும்மா, சாமிக்கு வைக்கிறதுக்கு முந்தியே எடுத்து வச்சுட்டேன்” என்றார். உள்ளே அதிரசம், முறுக்கு, நெய் உருண்டை. பதினோரு வருடமாக ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தத் தூக்குச்சட்டி தனியாக இருக்கிறது. நான் படித்த எந்த வியாக்கியானமும் எனக்கு இவ்வளவு செய்யவில்லை.

பூசை நேரத்தில் நாங்கள் கூடத்தில் நிற்போம், பிள்ளைகளும் அமைதியாக நிற்பார்கள், கும்பிட மாட்டோம், கேலியாகவும் ஒரு சொல் பேச மாட்டோம். ஒரு முறை மாமியார் பாசத்தில் பெரியவன் நெற்றியில் திருநீறு பூச வந்தார். கணவர் அம்மாவின் கையை மெதுவாகப் பிடித்து, “அம்மா, அது வேண்டாம்மா, கையை மட்டும் அவன் தலைமேல வச்சு ஆசீர்வாதம் பண்ணு” என்றார். வைத்தார். அதுவே இப்போது பழக்கமாகிவிட்டது, மூன்றும் வரிசையாகப் போய்த் தலையைக் குனியும். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து எங்கள் மூன்றாவது வரிசையிலேயே உட்காருவார்.

நாகமான் கதை தெரியுமா, இரண்டாம் இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரம். குஷ்டம் நீங்கிய பிறகு அவன் எலிசாவிடம், என் ராஜாவோடு ரிம்மோன் கோயிலுக்குள் போக வேண்டியிருக்குமே, அங்கே அவரோடு நானும் குனிய நேருமே, அதை மன்னிக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறான். எலிசா பிரசங்கம் பண்ணவில்லை, சமாதானமாகப் போ என்று அனுப்பிவைக்கிறார். என் கணவருக்கு பைபிளிலேயே மிகப் பிடித்த பகுதி அது. ஏன் என்று நான் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இல்லை.

பிள்ளை போய் மற்ற சமயப் பிள்ளைகளிடம் ஏதாவது சொல்லிவிட்டால்?

சொல்லிவிட்டான். போன வருடம், புளோக்குக்குக் கீழே விளையாட்டுத் திடலில், நாலாவது மாடியில் இருக்கும் மலாய் வீட்டுப் பையனிடம், “நீ சொர்க்கத்துக்குப் போக மாட்டே” என்று. இரண்டு பேருக்கும் ஆறு வயது, சறுக்குமரத்தில் யார் முதலில் என்ற சண்டையில் கையில் கிடைத்த பெரிய கல்லை எடுத்து எறிந்திருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பையன் வீட்டுக்குப் போய் அழுதிருக்கிறான். அந்த அம்மா லிஃப்டில் என்னிடம் சொன்னபோது கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

அன்று சாயங்காலமே அவனைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டான், காதில் விழாத குரலில். இரண்டாவது முறை சத்தமாகக் கேட்க வைத்தேன். அவர்கள் உள்ளே கூப்பிட்டு குவே, அதாவது மலாய்ப் பலகாரம், கொடுத்தார்கள், இரண்டு பையன்களும் ஐந்தே நிமிடத்தில் கட்டிலுக்கு அடியில் இருந்தார்கள்.

அப்படியென்றால் நம் விசுவாசத்தை மறைத்து வைப்பதா என்று ஒரு தங்கை கேட்டார். இல்லை. யார் எங்கே போவார் என்று சொல்வது உன் வேலை கிடையாது, அதற்கு ஒருவர் இருக்கிறார், நீ நல்ல சிநேகிதனாக இரு, உன்னிடம் கேட்டால் நீ நம்புவதைச் சொல் என்று அவனுக்குச் சொன்னேன். ஜூலை 21 அன்று பள்ளியில் இன நல்லிணக்க நாள் கொண்டாடுவார்கள், எல்லோரும் பாரம்பரிய உடை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள், 1964இல் அதே தேதியில்தான் இங்கே கலவரம் மூண்டது என்பது பிள்ளைகளுக்குப் பாதி புரியும், பாதி புரியாது. நமக்குப் புரியும். சமய நல்லிணக்கத்துக்கு 1990இலிருந்து சட்டமே இருக்கிறது. ஏழு வயதுக்காரனுக்குச் சட்டம் வேண்டாம், நாலாவது மாடி வாசல் போதும்.

பிள்ளைகளை அடிப்பீர்களா? நீதிமொழிகளில் பிரம்பைப் பற்றி இருக்கிறதே.

இருக்கிறது. ரோத்தானும் எங்கள் வீட்டில் இருந்தது, மளிகைக் கடையில் தொங்குமே, பிளாஸ்டிக் கைப்பிடி வைத்தது. இரண்டு முறை எடுத்தேன். இரண்டு முறையும் அவனைத் திருத்த எடுக்கவில்லை, எனக்கு வந்த கோபத்துக்கு எடுத்தேன், அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இரண்டாவது முறைக்கு அப்புறம் அன்றைக்கு ராத்திரி மேசையில் அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, “இயேசப்பா, ரோத்தானைத் தொலைஞ்சுபோகப் பண்ணுங்க, ஆமென்” என்றான். மறுநாள் அது காணவில்லை. நான் தேடவும் இல்லை. மூன்று மாதம் கழித்து கிறிஸ்துமஸுக்கு வீட்டைத் துடைக்கும்போது குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. ஜெபத்தோடு நிறுத்தாமல் கொஞ்சம் கைவேலையும் செய்திருக்கிறான். அங்கேயே விட்டுவிட்டேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கண்டிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று பிள்ளை வைத்திருக்கும் யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

ஞாயிறு காலையில் துணைப்பாடம், நீச்சல் வகுப்பு?

ஞாயிறு காலை கிடையாது. சனிக்கிழமை இருக்கிறது, அதில் போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பெரிய தேர்வு எழுதும் தொடக்கநிலை ஆறு வந்தால் என்ன சொல்வாய் என்கிறார்கள், வரட்டும், அப்போது வந்து கேளுங்கள்.

தாத்தா இறந்ததைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொன்னீர்கள்?

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. பெரியவனுக்கு அப்போது ஐந்து. தூங்குகிறார் என்று சொல்லாதீர்கள், அப்புறம் பிள்ளை தூங்கப் பயப்படும். வெளியூர் போயிருக்கிறார் என்றும் சொல்லாதீர்கள், எப்போது வருவார் என்று கேட்கும். இறந்துவிட்டார், உடம்பு நின்றுவிட்டது, இயேசப்பாவிடம் இருக்கிறார், நமக்கு அழுகை வருகிறது, அழலாம் என்றேன். அவன் பெட்டியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டான். தொட்டான்.

அப்பாவுக்கு அடக்கம்தான் வேண்டும் என்று ஆசை, அதனால் சுவா சூ காங் கல்லறைத் தோட்டத்தில் வைத்தோம். இங்கே அடக்கம் செய்ய இப்போது அந்த ஒரு இடம்தான், அதுவும் 1998இலிருந்து பதினைந்து வருடம்தான் கணக்கு, அப்புறம் தோண்டி எடுத்துவிடுவார்கள், நம்மைப் போன்றவர்களுக்கு எலும்பைத் தகனம் செய்து சாம்பலை மாடத்தில் வைப்பது. இந்த வருடம் ஈஸ்டர் அன்று காலையில் பூ வைக்கப் போனபோது என் தம்பி இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைப் பெரியவன் கேட்டுவிட்டான். வரும்போது பேருந்தில் ஒன்றுமே பேசவில்லை. செங்காங் வந்த பிறகு, “அப்போ இயேசப்பா திரும்பி வரும்போது தாத்தாவை எங்க தேடுவார்? பழைய இடத்துக்குப் போயிட்டா?” என்றான்.

நான் ஐந்து பெரியவர்களிடம் இந்தக் கேள்வியைச் சொல்லியிருக்கிறேன், ஐந்து பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சின்ன வயதில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஆதாமை மண்ணிலிருந்து உண்டாக்கினவருக்குத் தாத்தாவின் மண் எங்கே இருக்கிறதென்று தெரியும் என்றேன். “அப்போ மாடத்து நம்பர் அவருக்கு வேண்டாமா?” வேண்டாம். நமக்குத்தான் வேண்டும், பூ வைக்க. அவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, தோண்டும்போது தனக்கு இருபது வயது, தேசியச் சேவையில், அந்தக் கட்டாய ராணுவப் பணியில் இருப்பேன், லீவு கேட்க வேண்டும் என்றான். கேட்போம் என்றேன்.

உங்களுக்கே விசுவாசம் வறண்டுபோகும் நாட்கள் உண்டா?

கடைக்குட்டி பிறந்த பிறகு நாலு மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை. பாவம் செய்தேன், சந்தேகப்பட்டேன் என்றெல்லாம் இல்லை, தூக்கம் இல்லை, அவ்வளவுதான். விடியற்காலை மூன்று மணிக்குப் பால் கொடுத்துக்கொண்டு “பரமண்டலங்களிலிருக்கிற” என்று தொடங்குவேன், பாதியில் கண் சொக்கிவிடும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவேன். அந்த ஜெபத்தை அப்பா எனக்குப் பாயில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது. சொந்த வார்த்தை ஒன்றும் வராதபோது வாய் தானாகப் போய் நின்ற இடம் அந்தப் பழைய தமிழ்தான். மேசை ஜெபத்தை அந்த நாலு மாதமும் கணவரும் சாஸ் பாட்டிலும் பார்த்துக்கொண்டார்கள். இப்படி இருக்கிறவர்கள் சபையில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். அழுகை நிற்கவே இல்லை என்றால் டாக்டரிடமும் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

கடைசிக் கேள்வி: ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இதிலெல்லாம் என்ன புரிகிறது?

கடைக்குட்டிக்குத் தெரிந்தது ஒரே சொல், ஆமென். அந்தச் சொல் வந்தால் பெல்ட்டைக் கழற்றி அவளைக் கீழே இறக்கிவிடுவோம் என்று கண்டுபிடித்துவிட்டாள். அதனால் நாங்கள் பாட்டைத் தொடங்கும்போதே ஆமென் என்கிறாள், வசனத்தின் நடுவில் ஆமென், அண்ணன் ஜெபிக்கும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் ஆமென், இரண்டு கையையும் எங்களைப் பார்த்துத் தூக்கிக்கொண்டு.